பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவில் யார் பொறுப்பு?

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பயிரிடும் ஒரு குடும்பத்தில் மூன்று பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூத்தவன் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிறான். அடுத்தவன் தருமபுரி அரசு ஐடிஐயில் பிட்டர் பிரிவில் இருக்கிறான். இளையவள் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்திருக்கிறாள். மூவரும் அரசு நிறுவனங்களில்தான் படிக்கிறார்கள். மூவருக்கும் செலவு செய்வது பெரும்பாலும் ஒரே கருவூலம்தான். ஆனால் மூத்தவனுக்குப் பட்டம் தருவது சென்னையிலுள்ள அண்ணா பல்கலைக்கழகம். கல்லூரியை நிர்வகிப்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். இளையவளுக்குப் பட்டம் தருவது சேலத்திலுள்ள பெரியார் பல்கலைக்கழகம். கல்லூரியை நிர்வகிப்பது கல்லூரிக் கல்வி இயக்ககம். நடுவிலுள்ளவனின் பாடத்திட்டமும் சான்றிதழும் தில்லியிலிருந்து வருகின்றன; அவன் படிக்கும் நிலையமோ உயர்கல்வித் துறையின் கீழேயே இல்லை, தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறையின் கீழ் இயங்கும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையைச் சேர்ந்தது. மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து இந்த மூவரும் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியின் வாசலில் நிற்கக்கூடும். அப்படி நின்றால், அந்த மூவரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்த மூன்று வழிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது தன் வேலை என்று சொல்லக்கூடிய அதிகாரி மாவட்டத்தில் யார்?

மாநில அளவில் உயர்கல்வியையும் வேலைக்கான பயிற்சியையும் தலைமையேற்று நடத்துவது பற்றிப் பேசும்போது துணைவேந்தர் நியமனம், நிதி ஒதுக்கீடு, புதிய திட்டங்கள் ஆகியவையே முன்னே வருகின்றன. அவை முக்கியமானவைதாம். ஆனால் தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பார்த்தால், மேலே கேட்ட கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது.

இந்தப் பிரிவினைக்கு அரசமைப்புச் சட்டம் காரணம் இல்லை. ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடியவற்றைச் சொல்லும், ஏழாவது அட்டவணையின் பொதுப் பட்டியலில் 25ஆவது இனத்தை எடுத்துப் பார்க்கலாம். 1950இல் அந்த இனத்தில் தொழிலாளர்களுக்கான தொழிற்பயிற்சியும் தொழில்நுட்பப் பயிற்சியும் மட்டுமே இருந்தன. கல்வி மாநிலப் பட்டியலில் 11ஆவது இனமாக இருந்தது. 1976இல் வந்த 42ஆவது திருத்தம், கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்து இந்த 25ஆவது இனத்தோடு சேர்த்தது. மாநிலத்தின் உரிமை சுருங்கியதற்கு எடுத்துக்காட்டாகவே தமிழ்நாட்டில் இந்தத் திருத்தம் நினைவுகூரப்படுகிறது. அது நியாயமான மனக்குறையும்கூட. ஆனால் அதில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உண்டு: அன்றிலிருந்து பல்கலைக்கழகமும் தொழிலாளர் பயிற்சியும் அரசமைப்பில் ஒரே இனத்தில், ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. அவற்றை இரண்டு செயலகத் துறைகளாகப் பிரித்து வைத்திருப்பது நிர்வாகப் பழக்கம். அதை மாற்ற மாநில அரசு வேறு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அனுமதி கேட்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது ஒன்றியப் பட்டியலின் 66ஆவது இனம். அதன்படிதான் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளை வகுக்கிறது. மாநிலச் சட்டங்களால் உருவான பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆளுநர் வேந்தர், உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர். பணம் தருவது மாநிலம், தரவிதி வகுப்பது மானியக் குழு, துணைவேந்தரை நியமிப்பது வேந்தர் என்ற இந்த அமைப்பில், மூவருக்கும் ஒத்துப்போகாதபோது நாற்காலி காலியாகிறது. துணைவேந்தர் நியமனம் தொடர்பானவை உட்பட 10 மசோதாக்களுக்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, துணைவேந்தர் நியமனத்தை அரசிடம் தரும் பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவ்வாறு ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறைக்கு அரசமைப்பில் இடமில்லை என்று அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கருத்துரைத்தது. இதற்கிடையில் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமல் ஒருங்கிணைப்புக் குழுக்களைக் கொண்டு நடந்தன. இது சென்னையிலும் தில்லியிலும் நடக்கும் வழக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பட்டமளிப்பு விழா தள்ளிப்போனால் பட்டச் சான்றிதழ் தள்ளிப்போகிறது; பாடத்திட்டக் குழு கூடுவது தாமதமானால் பழைய பாடமே இன்னொரு ஆண்டு ஓடுகிறது. அரூரிலும் பென்னாகரத்திலும் இருக்கும் மாணவருக்கு அரசியல் சாசனச் சிக்கல் இந்த வடிவில்தான் வந்து சேர்கிறது.

மாநிலம் சரியாகச் செய்ததையும் அதே அளவு தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு உயர்கல்வி நிர்வாகத்தின் பெரிய வெற்றி, கதவைத் திறந்து வைத்ததுதான். தொழிற்படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வை நீக்கும் சட்டம் 2006 டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை 2010-11இல் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்தில் வந்து, 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4; தமிழ்நாட்டுக்கு 47. இது தானாக வந்த எண் இல்லை. அரைநூற்றாண்டாக ஆட்சி மாறியும் கை மாறாத ஒரு கொள்கையின் பலன்.

தருமபுரிக்கு இந்த எண்ணின் பொருள் இன்னும் ஆழமானது. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டம், 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரியைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி இடம். கிருஷ்ணகிரி 71.5. மாநிலச் சராசரி 80. இப்படிப்பட்ட மண்ணில்தான் 1994இல் பர்கூர் பொறியியல் கல்லூரியும், 2008இல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியும், 2013இல் செட்டிக்கரையில் அரசுப் பொறியியல் கல்லூரியும் வந்தன. 2022 ஜனவரியில் மாநிலத்தில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் கிருஷ்ணகிரியும் ஒன்று. காரிமங்கலத்திலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் அரசு கலை அறிவியல் கல்லூரி வந்ததை, ஒரு கட்டடம் வந்ததாக மட்டும் எண்ணக்கூடாது. தருமபுரி நகருக்கு இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும் என்பதற்காகவே பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர். கல்லூரி ஒரு பேருந்துத் தூரத்துக்கு வந்தபோது, அந்தப் பேச்சு பல வீடுகளில் மாறியது.

பெண்களின் திருமணத்துக்குத் தரப்பட்டுவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான நிதியுதவி, அதே பெயரில் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, புதுமைப் பெண் என்று 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து, கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ சேரும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழுகிறது. குழந்தைத் திருமணம் இன்னும் அதிகாரிகளின் தினசரி வேலையாக இருக்கும் இந்த இரு மாவட்டங்களில், தாலிக்கென்று வந்த பணம் படிப்புக்கென்று வருவதை நான் மிகப் பெரிய நிர்வாக முடிவாகக் கருதுகிறேன். ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. கவனிக்க வேண்டியது, இந்தத் திட்டங்கள் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ என்று பிரித்துப் பார்க்கவில்லை. எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் மாணவர் மாணவர்தான் என்று உதவித்தொகை வழங்கும்போது ஒப்புக்கொண்ட அரசு, பாடம் நடத்தும்போது அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இனி தொழிற்சாலைப் பக்கம் வருவோம். 1971இல் சிப்காட் நிறுவப்பட்டபின் ஓசூர் அதன் தொடக்ககாலத் தொழிற்பேட்டைகளில் ஒன்றாக எழுந்தது. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் 1980களில் ஓசூரின் முகத்தை மாற்றின. பெங்களூரு 40 கிலோமீட்டரில் இருப்பதும், உயரமான இடம் என்பதால் கிடைக்கும் குளிர்ச்சியும், தேசிய நெடுஞ்சாலையும் காரணம். அந்தத் தலைமுறைக் கம்பெனிகள் ஐடிஐ படித்தவரையும் டிப்ளமோ படித்தவரையும் அப்ரண்டிஸாக எடுத்து, சில ஆண்டுகளில் நிரந்தரமாக்கின. அப்படி நிரந்தரமானவர்களின் வீடுகள் ஓசூரில் தெருத்தெருவாக இருக்கின்றன. அண்மைக்கால அலை வேறு வகை. ஓசூரை அடுத்து டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக் என்று வந்த ஆலைகள் ஆயிரக்கணக்கில் இளம் பெண்களை வேலைக்குக் கேட்கின்றன. பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ போதும். தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும்.

தருமபுரி நான்கு ரோட்டில் விடியுமுன் நின்று பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். கம்பெனிப் பேருந்து வந்து நிற்கும்; கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பையுமாகப் பெண்கள் ஏறுவார்கள். பலருக்கு இருபது வயதுகூட இருக்காது. ஒன்பது மணிக்கு அதே இடத்தில் டவுன் பஸ் வந்து நிற்கும். கட்டணமில்லாத அந்தப் பேருந்தில் அதே வயதுப் பெண்கள் நோட்டுப் புத்தகத்தோடு கல்லூரிக்கு ஏறுவார்கள். பத்து மாதத்துக்கு முன்பு இவர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களாக இருக்கலாம். அந்த வீடுகளில் எழும் கேள்வி எளிமையானது: மூணு வருசம் படிச்சு முடிச்சாலும் இதே கம்பெனிக்குத்தானே போகணும்? அதற்குக் கல்வித் துறையில் இன்றுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. மாதம் 1,000 ரூபாயை ஒரு தட்டிலும் கம்பெனிச் சம்பளத்தை மறு தட்டிலும் வைத்துக் குடும்பங்கள் எடைபோடுகின்றன. படித்தால் அதே கம்பெனியில் எந்த நாற்காலியில் உட்காரலாம், ஐந்தாவது ஆண்டில் சம்பளம் எவ்வளவு வேறுபடும் என்பதை எடுத்துச் சொல்ல யாரிடமும் கணக்கு இல்லாதபோது, அந்த எடையில் கல்லூரி தோற்பது இயல்பு.

ஒன்றை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நிலையே தேவையில்லாதது. அப்ரண்டிஸ்களுக்கான தொழிற்பழகுநர் சட்டம் 1961லிருந்து இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். தொழிற்பழகலை உள்ளடக்கிய பட்டப்படிப்புகளுக்கு மானியக் குழு 2020இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதாவது, இயற்பியல் படிக்கும் அந்த இளையவள் ஆறு மாதம் ஓசூரில் தரப் பரிசோதனைப் பிரிவில் பழகி, அதற்கு மதிப்பெண் புள்ளியும் (கிரெடிட்) உதவித்தொகையும் வாங்கிப் பட்டம் முடிக்கச் சட்டத்தில் தடை ஏதுமில்லை. ஆனால் அதற்குக் கல்லூரி முதல்வர், சேலத்துப் பாடத்திட்டக் குழு, தொழிலாளர் துறையின் பயிற்சி அலுவலகம், கம்பெனியின் மனிதவளப் பிரிவு ஆகிய நால்வரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அவர்களை அங்கே உட்கார வைக்கும் அதிகாரம் கல்லூரி முதல்வருக்கு இல்லை. பல்கலைக்கழகத்துக்கு அது வழக்கம் இல்லை.

ஐடிஐ பக்கம் அரசு பெரிய அளவில் இறங்கியிருக்கிறது. 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் திட்டம் அது. கடைசல் இயந்திரமும் அரமும் பட்டறையுமாக இருந்த வளாகங்களுக்குள் ரோபோ கையும் கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரமும் வந்திருக்கின்றன. இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்த இயந்திரங்கள் ஐடிஐ மாணவருக்கு மட்டும் என்று வளாகச் சுவரோடு நின்றுவிடக்கூடாது. அதே ஊரில் அரசுப் பொறியியல் கல்லூரி மாணவனும் அரசு கலைக் கல்லூரி இயற்பியல் மாணவியும் அவற்றைத் தொட்டுப் பார்க்காமலேயே பட்டம் வாங்கினால், பொதுப் பணத்தில் வாங்கிய பொருள் பாதிதான் பயன்பட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் வேறு துறை என்பது மட்டுமே இதற்குத் தடை.

நான் முதல்வன் திட்டம் இந்தச் சுவர்களைத் தாண்டச் செய்யப்பட்ட முயற்சி. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய இத்திட்டத்தைத் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. பொறியியல் கல்லூரிக்கும் கலைக் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் ஐடிஐக்கும் ஒரே குடையின் கீழ்த் திறன் பாடங்கள் வருகின்றன. அவை பாடத்திட்டத்துக்குள் மதிப்பெண் புள்ளியோடு சேர்க்கப்பட்டிருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் உயர்வுக்குப் படி முகாம்களும் இதன் பகுதிதான். மாவட்ட ஆட்சியர் முன்னின்று நடத்தும் அந்த முகாமில் ஐடிஐக்காரரும் கல்லூரிக்காரரும் வங்கிக்காரரும் ஒரே மண்டபத்தில் மேசை போட்டு உட்காருவதைப் பார்க்கும்போது, மேலே சொன்ன மேசை சாத்தியமில்லாத ஒன்றல்ல என்று தோன்றும். முகாம் முடிந்ததும் மேசைகள் கலைந்துவிடுகின்றன என்பதுதான் குறை. ஆட்சியர் தலைமையில் திறன் குழு என ஒன்று உண்டு. ஆனால் ஆட்சியர் மாறுவார், அவருக்கு நூறு வேலை, கல்லூரிகள் அவருக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

திறன் பாடம் எதுவானாலும் வகுப்பில் நின்று சொல்லித்தருபவர் ஆசிரியர். அரசு கலைக் கல்லூரிகளில் அந்தச் சுமையின் பெரும் பகுதியைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களில் பலர் முனைவர் பட்டமோ தகுதித் தேர்வுத் தேர்ச்சியோ பெற்றவர்கள். 2024-25இல் அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 11 மாதங்களுக்கு. மானியக் குழு 2019இல் மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று சொல்லியிருந்தது. 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் அறிவிக்கை வெளியிட்டும் அந்த நியமனம் இழுத்துக்கொண்டே போனது. அடுத்த ஆண்டு இந்தக் கல்லூரியில் இருப்போமா என்று தெரியாத ஒருவரிடம், ஓசூர்க் கம்பெனிகளோடு மூன்றாண்டு உறவை வளர்த்து மாணவரை அனுப்பிவையுங்கள் என்று கேட்பது நியாயமாகாது. வேலைவாய்ப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பொறுப்பு பல கல்லூரிகளில் ஏற்கெனவே பாடச் சுமையில் இருக்கும் ஆசிரியரின் தலையில் கூடுதலாக வைக்கப்படுவது. பெரிய சுயநிதிக் கல்லூரிகளில் இதற்கென்றே ஒரு தனி அலுவலகம் இருக்கும். அரசுக் கல்லூரி மாணவர் பின்தங்கும் இடம் இதுதான். அவருடைய அறிவில் குறை ஏதும் இல்லை.

மொழியும் இதில் சேர்ந்தது. தமிழ் வழியில் படித்து வருபவர்களும், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி வருபவர்களும், பெங்களூரிலிருந்து வந்து நேர்காணல் நடத்தும் அதிகாரியின் ஆங்கிலத்துக்கு முன் தயங்கி நிற்கிறார்கள். மூன்று மொழி காதில் கேட்டு வளர்ந்த பிள்ளை நான்காவதைக் கற்க முடியாதவர் அல்லர். முதலாமாண்டிலேயே அதற்கு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். கடைசிப் பருவத்தில் பத்து நாள் பயிற்சி போதாது.

ஓசூரை மட்டுமே வேலை என்று எண்ணுவதும் தவறு. கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா மாம்பழத்தை நம்பி ஆண்டில் சில மாதங்கள் ஓடுகின்றன; மற்ற மாதங்களில் வேறென்ன செய்யலாம், கொட்டையையும் தோலையும் எப்படிப் பணமாக்கலாம் என்பது வேதியியலும் உணவுத் தொழில்நுட்பமும் படித்தவர் யோசிக்க வேண்டியவை. பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதுவும் வேறொரு துறை.

எனவே மாவட்டத்துக்கு வேண்டியது புதிதாக இன்னொரு கல்லூரியைவிட, இருப்பவற்றைச் சேர்த்து நடத்தும் ஒரு நிலையான அலுவலகம் என்பது என் கருத்து. 1992இல் அமைந்த தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்துக்கு இப்போது மாவட்டத்தில் கை கால் இல்லை. அதற்குத் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தலா ஒரு முழுநேர அதிகாரியைத் தந்து, கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ மூன்றின் ஆய்வகங்களையும் பொதுவாக்கும் அதிகாரமும், பழகுநர் இடங்களைக் கம்பெனிகளிடம் கேட்டுப் பெறும் கடமையும் கொடுக்கலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் மொழித் தேர்வு எழுதிப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் பெறலாம், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் இரண்டாமாண்டு சேரலாம் என்ற ஏணி ஏற்கெனவே நிற்கிறது. அந்த ஏணி இருப்பதே பாதிப் பெற்றோருக்குத் தெரியாது. அதைச் சொல்வதும் அந்த அலுவலகத்தின் வேலையாக இருக்கட்டும்.

அந்த அதிகாரிக்கு முதலில் தேவைப்படுவது ஒரு கணக்கு. படித்து வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்ற விவரத்தை, நாக் (NAAC) என்னும் தேசிய அமைப்பு செய்யும் தர மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் திரட்டத்தான் செய்கின்றன. பெரும்பாலும் மதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில், பழைய மாணவருக்குப் போன் செய்து நிரப்பி, கோப்பில் வைத்துக் கட்டிவிடுகிறார்கள். கடைசிப் பருவத் தேர்வு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் நாளில் ஒவ்வொரு மாணவரும் கல்லூரி அலுவலக ஜன்னலுக்கு முன் நின்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார். பெயர், வகுப்பு, பதிவெண், தேதி என்று அதில் கட்டங்கள் இருக்கின்றன. அடுத்து எங்கே போகிறார், ஓராண்டு கழித்து எந்த எண்ணில் கேட்கலாம் என்று இன்னும் இரண்டு கட்டங்கள் போட ஒரு அரசாணை போதும். ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் அதே இரண்டு கட்டங்களைப் போட்டு, ஆண்டுதோறும் ஜூலையில் மூன்று பதிவேடுகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்தால், பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்து வீட்டில் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்லத் தொடங்கலாம்.